வியாழக்கிழமை வராத காற்று

ஒரு விஷயம் உண்மையாக இருக்க வேண்டும் என்று அளவுக்கு மீறி ஆசைப்பட்டுவிட்டால், அது உண்மைதானா என்று எழுந்துபோய்ப் பார்க்க மட்டும் நமக்குக் கால் வருவதில்லை. மற்ற எல்லாம் செய்வோம். வரைபடம் போடுவோம், அதற்குப் பெயர் வைப்போம், நாலு பேரிடம் சொல்லுவோம். நான் அத்தனையும் செய்தேன். போய்ப் பார்க்கவேண்டிய இடமோ என் மாமியார் வீட்டுக் கொல்லையைத் தாண்டி, குச்சிக்கிழங்குக் காட்டுக்கு (மரவள்ளியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) அந்தப் பக்கம் இருந்தது. ஆடி அசைந்து நடந்தாலும் ஐந்து நிமிடம்.

நான் புவியியல் படித்தவள். எந்த ஊர் வெயிலுக்கு எந்தத் திராட்சை பழுக்கும், அதிலிருந்து வரும் ஒயின் எப்படி இருக்கும், பூமி இப்படிச் சூடேறிக்கொண்டே போனால் திராட்சைத் தோட்டங்கள் எங்கே இடம் மாற வேண்டியிருக்கும் என்பதெல்லாம் என் ஆராய்ச்சி. சேந்தமங்கலம் பக்கம் வாழ்க்கைப்பட்ட ஒருத்தி இதை வெளியே சொல்லிக்கொள்வது லேசில்லை. நான் ஒயின் குடித்ததே இல்லை என்றால் என் துறைக்காரர்கள் நம்பமாட்டார்கள். ஒரே ஒரு தடவை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டேன் என்றால் உறவுக்காரர்கள் நம்பமாட்டார்கள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் என் கணவரின் சித்தப்பா, ஒரு கல்யாணப் பந்தியில் இலையில் ரசம் ஓடுவதைக்கூடக் கவனிக்காமல் கேட்டார்: "ஏங்கண்ணு, இந்தச் சரக்குப் படிப்புக்கு கவர்மென்ட்டே காசு குடுக்குதா?"

அத்தை (மாமியாரைத்தான் சொல்கிறேன்) இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். யார் கேட்டாலும், "எம் மருமவ திராட்சைக்கு டாக்டருங்க" என்று சொல்லிவிட்டு, கேட்டவர் யோசிப்பதற்குள் மோர் கொண்டுவர உள்ளே போய்விடுவார்.

அப்போது என் மகளுக்கு எட்டு மாதம். கணவர் சேலத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டியில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நானும் பாப்பாவும் அத்தை, மாமாவோடு ஊரில். அந்த நேரம் பார்த்து ஒரு நிறுவனம் ஆள் தேடியது. வெயில் அதிகமான சமவெளிகளில் ஒயின் திராட்சைக்கு ஏற்ற இடங்களைக் கண்டுபிடிக்கும் வேலை. விண்ணப்பிப்பவரே ஓர் இடத்தைச் சொல்லலாம். அந்த இடம் தேறினால் அங்கேயே இருந்து வேலை பார்க்கலாம். தேறாவிட்டால் வடக்கே, ரயிலில் ஒன்றரை நாள் போகவேண்டிய அவர்களுடைய தோட்டத்தில்தான் வேலை.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா, வேலையே வேண்டாமென்று இருந்துவிடுவதா? கணவரைக் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். (மனிதரைத் தூங்கவிடாமல் செய்ய இதைவிட நல்ல பதில் கிடையாது.)

ஆகவே எங்கள் இடம் தேறியே ஆக வேண்டும். மாமா காட்டு ஓரமாக இடம் கொடுத்தார். அங்கே ஒரு கம்பம் நட்டேன். கம்பத்தின் மேல், இட்லித் தட்டுகளைக் கவிழ்த்து அடுக்கியதுபோல வெள்ளைத் தட்டுகள். அவற்றுக்குள் வெயில் நேராகப் படாதபடி ஒரு சின்னக் கருவி. சூட்டையும் காற்றின் ஈரத்தையும் அளந்து என் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் அது 'பொட்டி'.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு குழந்தைகள். ஒரு கை பாப்பாவின் நெற்றியில், இன்னொரு கை போனில். "முப்பத்தெட்டு! அய்யோ, முப்பத்தெட்டுக்குப் போயிருச்சு!" என்று நான் அலறினால், பாப்பாவுக்குத்தான் காய்ச்சல் என்று அத்தை அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருவார்.

"பாப்பா இல்லீங்க அத்தை, பொட்டி."

"அதுக்கென்ன கண்ணு, அதுவும் பாவம் வெயில்லயேதான நிக்குது."

ஒருநாள் அவரே கேட்டார், பொட்டி சூடானால் எனக்கு ஏன் சோறு இறங்குவதில்லை என்று. சொன்னேன்: "பகல்ல அந்த எடம் கொஞ்சம் குளுந்தா இருந்தாத்தான் அத்தை எனக்கு இங்கயே வேலை. இல்லேன்னா நானும் பாப்பாவும் வடக்கே போற மாதிரி ஆயிருங்க."

 பாப்பாவைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அத்தை, தேய்த்த கையையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு அடுத்த வாரம் அதிசயம் நடந்தது. காலை பத்து மணிக்குமேல் சூடு ஏறவேண்டிய நேரத்தில், போனில் கோடு சட்டென்று கீழே இறங்கியது. நாலு டிகிரி! காற்றில் ஈரமும் கூடியிருந்தது. "கொறஞ்சிருச்சு அத்தை, கொறஞ்சிருச்சு!" என்று கத்தினேன். தூங்கிய பாப்பா எழுந்து அழுதாள். அழுகிறவளைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். அன்று மதியம் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாளும் இறங்கியது. அதற்கு மறுநாளும். மதியம் மூன்று மணி வாக்கில் கோடு பழையபடி ஏறிவிடும். எனக்கு விளங்கிவிட்டது. கொல்லிமலையிலிருந்து ஈரமான குளிர்காற்று ஒன்று இறங்கி, யாருக்கும் தெரியாமல், எங்கள் மாமாவின் காட்டு ஓரத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது! மலைக்காற்று ராத்திரியில் இறங்கும், பகலில் ஏறும் என்று முதல் வருஷ மாணவிக்கே தெரியும். எனக்கும் தெரியும். 'இது விதிவிலக்கு' என்று எழுதி அடியில் கோடும் போட்டேன்.

ஒரே ஒரு உறுத்தல் இருந்தது. வியாழக்கிழமைகளில் அந்தக் காற்று வருவதில்லை. கவலைப்பட்டேன். நமக்குத்தான் ஏதோ புரியவில்லை என்று நினைத்தேன். பிறகு அதற்கும் 'வாராந்திர மாறுபாடு' என்று ஒரு பெயர் வைத்தேன். பெயர் வைத்ததும் கவலை பாதியாகிவிட்டது.

ஏன் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை? காலை பத்து மணிக்கு பாப்பா என் மடியில் தூங்குவாள், அசைந்தால் எழுந்துவிடுவாள். சாயங்காலம் அவளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போவேன். பொட்டி வெள்ளை வெளேரென்று, துடைத்து வைத்ததுபோல நிற்கும். 'எவ்வளவு சுத்தமாக இருக்கிறது' என்று மகிழ்ந்து திரும்பிவிடுவேன்.

நேர்காணல் வீடியோவில். காலை பதினொரு மணி. மேலே பட்டுப்புடவை, திரைக்குத் தெரியாத இடத்தில் மடியில் பாப்பா. எதிரே மூன்று பேர். தலைவர் நரைத்த தாடிக்காரர், வடக்கத்தியர். இன்னொருவர் பேசவே இல்லை. மூன்றாமவர் தமிழ் தெரிந்த ஒரு பேராசிரியை. பேச்செல்லாம் ஆங்கிலத்தில்.

முதல் கால் மணி நேரம் நான் நன்றாகப் பேசினேன். (எனக்கே பெருமையாக இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தால் உடனே ஏதாவது நடக்கும்.) வரைபடத்தைக் காட்டினேன். தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"நல்ல காற்று. ஆனால் வியாழக்கிழமை அதற்கு விடுமுறையா?"

"வாராந்திர மாறுபாடு, சார்."

"காற்றுக்குக் கிழமை தெரியுமா?"

நான் விதிவிலக்கைப் பற்றி ஆரம்பித்தேன். பேராசிரியை இரக்கப்பட்டுக் குறுக்கே வந்தார். "கருவி எப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறது என்று போனில் காட்ட முடியுமா?"

முடியுமாவா! அதைவிட எனக்கு என்ன வேண்டும்? பாப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, போனைக் கையில் உயர்த்திப் பிடித்து, பட்டுப்புடவையோடு கொல்லைக் கதவைத் திறந்தேன். "இதோ மாட்டுக்கொட்டகை, கருவியிலிருந்து போதுமான தூரம்" என்று வர்ணனை. "இது குச்சிக்கிழங்கு, ஆள் உயரம்" என்று விளக்கம். "இதோ நம் கருவி..."

கருவியைக் காணவில்லை.

அது இருந்த இடத்தில், பாப்பாவின் இடுப்புத்துணிகள் இருந்தன. மாமாவின் பழைய வேட்டியைக் கிழித்து மடித்துத் தைத்த துணிகள். தட்டுகளைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக, நீர் சொட்டச் சொட்ட. உச்சியில் மஞ்சள் பூப்போட்ட ஒரு சட்டை, தொப்பி மாதிரி. பக்கத்தில் வாளியோடு அத்தை. வாளியிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளி, காய ஆரம்பித்த ஒரு துணிமேல் தெளித்துக்கொண்டிருந்தார்.

என் கொல்லிமலைக் காற்று!

போனை அணைத்திருக்கலாம். கீழே போட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அப்படியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று பேரும் சாவகாசமாகப் பார்த்தார்கள்.

"அத்தை... என்னங்க இது?"

அத்தை திரையில் முகங்களைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். "வாங்க சாமி, எல்லாரும் சாப்டீங்களா? மணி பதனொண்ணு ஆச்சுங்களே."

"அத்தை, துணி!"

"ஆமா, துணிதான். வாசப்பக்கம் போட்டா போறவங்க வாரவங்க கண்ணு படுமேன்னு ஒருநா இங்க கொண்டாந்து போட்டேன். அன்னிக்குத்தான நீ கொறஞ்சிருச்சு கொறஞ்சிருச்சுன்னு குதிச்சே? அப்பறம் ரெண்டு தடவ சோறு தின்னே. புள்ளைக்குச் சூடு கண்டா நெத்தில ஈரத்துணி போடறோமில்ல, அந்த மாதிரித்தான் இதும்னு நெனச்சேன். காஞ்சா மறுக்கா நனைச்சுப் போட்டுருவேன். பொழுது எறங்கறதுக்குள்ள எடுத்துருவேன், பச்சப்புள்ள துணி இருட்டுல கெடக்கக் கூடாதுல்ல."

"அப்ப வியாழக்கிழமை?"

"வியாழக்கெழம சந்தைக்குப் போயிருவேனே சாமி."

தலைவர் என்ன என்று கேட்டார்.  பேராசிரியை வாயைக் கையால் மூடியிருந்தார். அவருடைய தோள் குலுங்கியது.

நான் அழுகிற நிலையில் இருந்தேன். "அத்தை, இப்படிச் செஞ்சா கணக்கெல்லாம் தப்பாயிருங்க. அந்த எடம் நெசமாவே குளுந்திருக்கோணும்."

அத்தை கையில் இருந்த துணியைப் பிழியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது அவர் திரையைப் பார்க்கவில்லை, பாப்பாவைப் பார்த்தார்.

"அதென்னமோ எனக்குத் தெரியாது கண்ணு. பொட்டி குளுந்தா இருந்தாத்தான் நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருப்பீங்கன்னு சொன்னே. அதான் குளுந்தா வெச்சேன்."

 பேராசிரியை அதை மற்ற இருவருக்கும் மொழிபெயர்த்தார். வியாழக்கிழமைச் சந்தை உட்பட. அதுவரை பேசாமல் இருந்தவர்தான் முதலில் சிரித்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் இடுப்பிலிருந்த பாப்பா, தன் சட்டையை அடையாளம் கண்டுகொண்டு, தாவி அதைப் பிடித்து இழுத்தாள். மற்றத் துணிகளும் கூடவே சரிய, கருவி வெளியே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் போனில் கோடு ஏறியது: முப்பத்தேழு டிகிரி.

இடம் தேறவில்லை என்று எழுதினார்கள். வடக்கே வரச் சம்மதமா என்றும் கேட்டிருந்தார்கள். அந்தக் கடிதத்துக்கு ஆமாம் என்று ஒரு பதிலும், இல்லை என்று ஒரு பதிலும் எழுதி வைத்து, மாற்றி மாற்றிப் படித்தேன். முதலில் எழுதியது சரியா, இரண்டாவது சரியா, என்னைக் கேட்டால் இன்றைக்கும் தெரியாது. இல்லை என்று எழுதியதைத்தான் அனுப்பினேன். அனுப்பிய கையோடு, தப்பு செய்துவிட்டோமோ என்று கவலைப்பட ஆரம்பித்தேன்.

கொஞ்ச மாதம் கழித்து பேராசிரியை கூப்பிட்டார். பல ஊர்த் திராட்சைத் தோட்டங்களில் அவர்கள் வைத்திருக்கும் கருவிகளில், பாதி நம்பும்படியாக இல்லையாம். "எங்கள் ஆட்கள் எல்லோரும் கோட்டைத்தான் பார்க்கிறார்கள். கருவிமேல் என்ன கிடக்கிறது என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். உங்களுக்கு அனுபவம் இருக்கிறதே" என்றார். கேலியா, நிஜமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நிஜம்தான்.

ஆகவே இன்று வீட்டிலிருந்தே எனக்கு வேலை. எங்காவது கோடு சட்டென்று இறங்கினால், அந்தத் தோட்டக்காரருக்குப் போன் போட்டு, "ஏனுங்க, பொட்டிமேல என்னங்க காயுது?" என்று கேட்பேன். முக்கால்வாசி ஏதாவது காயத்தான் செய்கிறது. ஒரு இடத்தில் அப்பளம்.

அத்தைக்கு இதில் கொஞ்சமும் வெட்கம் இல்லை. என்னைத் திராட்சைக்கு டாக்டர் என்று அறிமுகப்படுத்தும்போதே, அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது தான்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார். எங்கள் வீட்டில் இப்போது இடுப்புத்துணி என்று யாரும் சொல்வதில்லை. போன வாரம் வானம் இருட்டிக்கொண்டு வந்தபோது, மாமா வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

"மழ வாராப்பல இருக்குது. காயப்போட்ட கொல்லிமலைக் காத்தையெல்லாம் எடுத்து உள்ள போடுங்க!"

என் மகள்தான் ஓடிப்போய் எடுத்து வந்தாள். இப்போது அது அவள் தம்பியுடையது.