இயல்பான வாய் தேவை

வாய்ப்புற்றுநோய் ஆராய்ச்சிக் கூடத்தில் புற்றுச் செல்களுக்குப் பஞ்சமே இல்லை. தட்டுப்பாடெல்லாம் நல்ல செல்களுக்குத்தான். சர்க்கரையைச் சக்தியாக்கும் நொதிகள் நோயில்லாத வாயின் உட்தோலில் எவ்வளவு, புற்று வந்த வாயில் எவ்வளவு என்று ஒப்பிடுவது அங்கிருந்த ஆராய்ச்சியாளரம்மாவின் வேலை. ஒப்பிட ஒரு நல்ல வாய் கேட்டு நிர்வாக அதிகாரியிடம் போனார்.

"நல்ல வாய்னா? விதியில அதுக்கு விளக்கமே இல்லையேம்மா."

"நோய் இல்லாத வாய் சார். சோதிச்சுப் பார்த்து நானே சொல்லிடுவேன்."

"சோதிக்கறதுக்கு முன்னாடியே அது இயல்புன்னு சான்று வேணும். இல்லாட்டி எதை வச்சு சோதிப்பீங்க?"

அம்மையார் வெறுங்கையோடு வாசலை நோக்கித் திரும்பினார். அதிகாரிக்கு மனம் இளகிவிட்டது. பொதுநலன் கருதித் தம்முடைய வாயையே இயல்பான வாயாக அறிவித்து, தாமே கையொப்பமிட்டு, முத்திரையும் குத்தினார். பிறகு சிகரெட்டை அணைத்துவிட்டு ஆவென்று திறந்தார்.

கன்னத்தின் உட்புறத்தைச் சின்னத் தூரிகையால் சுரண்டி எடுத்துப் போனார்கள். முடிவைப் பார்த்த அம்மையார் ஓடிவந்தார்.

"சார், நொதியெல்லாம் தாறுமாறா ஏறியிருக்கு. உள்ளே வெள்ளையா ஒரு திட்டு வேற. உடனே டாக்டரைப் பாருங்க."

"சான்று கொடுத்த வாய்ம்மா இது. இயல்போட அளவை ஏத்திடுங்க, சரியாயிடும்."

ஏற்றினார்கள். அன்றே நோயாளிகளில் பாதிப்பேர் காகிதத்தில் குணமானார்கள். மேலிடம் பாராட்டியது. அவர்கள் வந்து கைகுலுக்கியபோது அம்மையாரும் மறுக்காமல் கை நீட்டத்தான் செய்தார்.

அதிகாரியின் மனைவி மட்டும் மயங்கவில்லை. சூடாக எதைக் குடித்தாலும் கணவர் கன்னத்தைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்தவர், அவரைப் பக்கத்துக் கட்டடத்தில் அவர் நிர்வாகத்திலேயே இருந்த மருத்துவமனைக்கு இழுத்துப் போனார்.

பதிவு எழுத்தர் கணினியைப் பார்த்தார். "சார் பேர்ல 'இயல்பு'ன்னு இருக்கு. இயல்பானவங்களுக்குச் சீட்டு தர முடியாதுங்க."

"யாருய்யா இந்த விதியைப் போட்டது?"

"நீங்கதான் சார். ரொம்ப நல்ல விதி."

"சரி, ரத்து பண்ணு."

"பண்ணலாம். ஆனா உங்க வாய் இயல்பு இல்லைன்னு வேற யாராவது உறுதி சொல்லணும்."

"நான் சொல்றேன்," என்றார் மனைவி. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த வாயைக் கேட்டுக்கிட்டிருக்கேன். எங்கே கையெழுத்துப் போடணும்?"

சீட்டு கிடைத்தது. மருத்துவர் திட்டை வெட்டி எடுத்தார். முற்றுவதற்குள் வந்தது நல்லதாப் போச்சு என்றார். மனைவி அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

வேலைக்குத் திரும்பியதும் அதிகாரி எல்லாரையும் கூட்டினார். துணை அதிகாரி, கணக்கர், எழுத்தர், ஆராய்ச்சியாளரம்மா என்று மேசை நிறைந்தது.

"இயல்பான வாய்க்கு இடம் காலியா இருக்கு. இந்தத் தடவை சோதிச்ச பிறகுதான் சான்று. யார் வர்றீங்க?"

அவரவர் நாக்கு அவரவர் கன்னத்தை உள்ளுக்குள்ளேயே மெல்லத் தடவிப் பார்த்தது.

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.