இடது கால் பின்தங்கிய கேன்ட்ரி

அயலார் கண்ணில் கால் பவர் பிசகினும் பொறாதவனும், ஆணி வாங்கப் போனால் அரைநாள் திரும்பாதவனும், பின்னறையை ஆயுதசாலையாக்கி மனைவியின் துணிக்கொடியை வாசலுக்குத் துரத்தியவனுமாகிய மூக்குக்கண்ணாடிக் கடைக்காரப் பெருந்தகையை வாழ்த்தித் தொடங்குகிறோம். எல்லாம் அறிந்த இறைவன் எம் சொல்லையும் அவன் திருகாணிகளையும் தளராமல் காப்பானாக.

போருக்குக் காரணம் இது. மாமனாருக்குக் கை நடுக்கம். டம்ளரை வைக்கும்போதெல்லாம் அது சரிந்து மேசையெங்கும் டீ ஓடியது. யாரும் குத்திக்காட்டவில்லை, ஆயினும் மானமுள்ள அம்மனிதர் மூன்று மாதமாகத் தம் அறையில் தனியே குடித்துவந்தார். டம்ளர் அசையாமல் அமர, பலகையில் வட்டக்குழி குடைந்து தருவதாக மருமகன் சபதமிட்டான். அதற்கு ஓர் உளி போதாதா என்பர் சிற்றறிவினர். நம் தலைவனோ, கணினி ஏவ மரத்தைக் குடையும் சிஎன்சி இயந்திரத்தையே வீட்டில் படைக்கப் புகுந்தான்.

இயந்திர மேசைக்குக் குறுக்கே பெரும்பாலம்போல் எழுந்தது கேன்ட்ரி. வெட்டுங்கருவியைச் சுமந்து முன்னும் பின்னும் ஓடவேண்டிய அதன் வலக்காலில் மட்டும் மோட்டாரும் திருகுத்தண்டும் பூட்டி, "ஒரு பக்கம் தள்ளினாப் போதும், மறுபக்கம் தானா வரும்" என்று அவன் பிரகடனம் செய்தான். வலக்கால் போர்க்குதிரையெனப் பாய, இடக்கால் பள்ளிக்கூடம் போக மனமில்லாத பிள்ளையெனப் பின்தங்க, வட்டமாய் விழவேண்டிய குழி முட்டையாய் விழுந்தது. அக்கால்கள் ஓடும் தண்டவாளத்தை இறுக்கினான், முட்டை. எண்ணெயால் நீராட்டினான், முட்டை. கணினியை வைதான், அது இன்னும் பெரிய முட்டை தந்தது. ஏழு பலகைகள் களத்தில் மாண்டன.

மரத்தூள் கூட்ட வந்த மனைவி, குனிந்தபடியே கேட்டாள்.

"ஏங்க, கட்டிலை நகர்த்தணும்னா நீங்க ஒரு பக்கம் மட்டும் புடிச்சு இழுப்பீங்களா?"

"அதெப்படி, கோணிக்கிட்டு நிக்கும். அந்தப் பக்கம் நீ புடிக்கணும்."

"அப்ப இதுக்கு அந்தப் பக்கம் யாரு புடிக்கிறா?"

தலைவன் அப்போதுதான் இடக்காலைக் குனிந்து பார்த்தான். வென்றவள் அதைச் சொல்லிக்காட்டாமல் குப்பையை அள்ளிக்கொண்டு போனது அவன் பெற்ற முதல் கருணை. வேறு வேலைக்கென வைத்திருந்த அதே அளவுத் திருகுத்தண்டை, பெரியவருக்கு என்றதும் கடைசல் பட்டறைக்காரர் துடைத்துக் கையில் கொடுத்தது இரண்டாவது. இடக்காலுக்கும் ஒரு தண்டு; இரு தண்டுகளின் தலையிலும் பற்சக்கரம்; இரண்டையும் பிணைத்து ஒரே பெல்ட். மோட்டார் சுழன்றதும் இரு கால்களும், நெடுநாள் சேர்ந்து வாழ்ந்த தம்பதியெனப் பேசாமலே ஒத்து நடந்தன. மறுபக்கம் பிடிக்க ஒரு கை இருந்தால் கோணல் எவ்வளவோ நிமிர்ந்துவிடுகிறது.

எட்டாம் பலகையில் முழுநிலவு நாணும் வட்டம் உதித்தது. அது உணவுமேசைக்கு ஏந்திவரப்பட்டது. மாமனார் அறைவாசலில் நெடுநேரம் நின்றார், பின் வந்தார், எல்லோர் நடுவிலும் அமர்ந்தார், ஒரு மிடறு பருகினார். நடுங்கும் கை இறங்க, குழியின் விளிம்பில் இருமுறை மோதிய டம்ளர் மூன்றாம் முறை அரியணை ஏறும் அரசனென அசையாது அமர, வீடே மூச்சடக்கி அவர் திருவாய் மலரக் காத்திருந்தது.

டீயில் சர்க்கரை கம்மி என்றார்.