அப்பாவின் நாற்காலிக் கிளாம்பும் நான்கு லட்சம் முக்கோணங்களும்

அன்பும் மரியாதையும் மிகுந்த அத்தானுக்கு,

மச்சினி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். அங்கே நீங்களும் அக்காவும் எங்களைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அப்பாவின் சக்கர நாற்காலியில் ஒரு பக்கத்துக் கால்பலகையைப் பிடித்திருந்த கிளாம்பு உடைந்து, மூன்று வாரமாக அவர் வாசலைத் தாண்டவில்லை என்பதும், அந்த மாடலையே கம்பெனி நிறுத்திவிட்டது என்பதும் தாங்கள் அறிந்ததே. நீங்கள் வந்தபோது, உடையாத பக்கத்துக் கிளாம்பைப் போனில் சுற்றிச் சுற்றி ஸ்கேன் செய்து எனக்கு அனுப்பினீர்கள். பலகைக்கு மாற்றிய புதுக் குழாய் கிளாம்பின் ஓட்டைக்குச் சற்றுப் பருமன் என்பதால், "ஓட்டையை மட்டும் ரெண்டு மில்லிமீட்டர் பெருசு பண்ணிடு, உனக்கு அஞ்சு நிமிஷ வேலை" என்றும் சொன்னீர்கள். அத்தான், அந்த ஐந்து நிமிஷம் இன்றோடு ஒன்பது நாள்.

நீங்கள் அனுப்பியது கிளாம்பே இல்லை. கிளாம்பின் தோல். நான்கு லட்சம் குட்டி முக்கோணங்களை ஒட்டிச் செய்த தோல், உள்ளே சதை கிடையாது. ஆபீசில் நான் பாகங்கள் வரையும் மென்பொருளுக்கோ கெட்டியான உருவம் வேண்டும்; அப்போதுதான் ஓட்டையைத் தொட்டால் ஓட்டை என்று அதற்குப் புரியும். மாற்றச் சொன்னேன், கம்ப்யூட்டர் மயங்கி விழுந்தது. முக்கோணங்களைக் குறைத்தேன், கிளாம்பு தேய்ந்த சோப்பு மாதிரி ஆயிற்று. கொஞ்சம் கூட்டினேன், தோலில் கிழிசல் இருக்கிறது என்றது. உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டுப்போட்டு, ஒருவழியாக ஆறாம் நாள் கெட்டியாயிற்று. ஆசையாக ஓட்டையைத் தொட்டால், அது வட்டமே இல்லை, தொண்ணூற்றேழு பட்டைத் துண்டுகள், ஒவ்வொன்றையும் தனித்தனியாக நகர்த்த வேண்டுமாம். அதற்குள் எங்கள் மேலாளர் பின்னால் வந்து நின்று, "கிளாம்புக்கு எதுக்கும்மா கட்டைவிரல்?" என்று கேட்டார். பார்த்தால் நிஜமாகவே விரல். பிடித்துக்கொண்டு ஸ்கேன் செய்திருக்கிறீர்கள். படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். "அவர் விரல்தான், நகத்தைப் பாரு" என்றாள்.

மேலாளர் போகவில்லை. "பொருள் கையில இருக்கா?"

"வீட்டுல இருக்கு சார்."

"அப்புறம் ஏன் அதோட படத்தைப் போட்டு இழுத்துக்கிட்டு இருக்க? அளந்து புதுசா வரைஞ்சுடேன்."

இருபது வருஷமா இதே வேலை பண்றேன், எனக்கு இது தோணலை பாருங்க அத்தான்! வீட்டுக்கு வந்து கிளாம்பைக் கழற்றி, வெர்னியரை வைத்து அளந்தேன். மொத்தமே ஏழு அளவுதான். நாற்பது நிமிஷத்தில் வரைந்து முடித்துவிட்டேன். மறுநாள் பட்டறையில் கடைந்து வாங்கி வந்து மாட்டினால், அச்சாகப் பொருந்தியது. அப்பா பலகையில் காலை வைத்து, "ம்" என்றார். அந்த ஒரு "ம்" எனக்குப் போதும் அத்தான். அன்று சாயங்காலமே தெருமுனைப் பேப்பர் கடைவரை போய்வந்தோம். கடைக்காரர் எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு திரும்பும்போது அப்பாவின் முகம் தெளிந்திருந்தது.

அக்காவுக்கு என் அன்பு, உங்கள் முதுகுவலிக்கு என் விசாரிப்பு. இருவரும் நீண்ட நாள் நலமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கண் எரிச்சலுடன்,
மச்சினி

பின்குறிப்பு: இன்று காலை அப்பா இரண்டு கால்பலகைகளையும் அவரே கழற்றிப் பரண்மேல் போடச் சொல்லிவிட்டார். "காலைத் தரையில ஊனித் தள்ளினா வேகமாப் போகுது. நேத்து நீ தள்ளினது ஆமை மாதிரி இருந்துச்சு" என்கிறார். இப்போது தனியாகத்தான் பேப்பர் கடைக்குப் போயிருக்கிறார். வண்டிக்கு மணி ஒன்று வேண்டுமாம். தயவுசெய்து கடையில் வாங்கி அனுப்பவும். ஸ்கேன் செய்ய வேண்டாம்.