மாமனார் பேசிய மூன்று வாக்கியங்கள்

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் உடம்பளவில் சுகம். மனசளவில் அவள் மட்டும் சுகம். நீயும் உன் வீட்டாரும் குறைவில்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன். அப்படி வேண்டிக்கொண்டே கேட்கிறேன், நான் உனக்கு என்னப்பா கெடுதல் செய்தேன்? வெளியூரில் இருக்கும் மச்சான்மார்கள் சட்டைத்துணி அனுப்புவார்கள், கைக்கடிகாரம் அனுப்புவார்கள். எனக்கு மட்டும் ஏன் அரக்கில் வார்த்த இசைத்தட்டு?

உன் பெட்டி போன செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு வந்தது. கூரியர்காரர் அதை ஒரே கையில் தூக்கிவந்ததைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. மீதி உயிர், நீ உள்ளே வைத்திருந்த தாளைப் படித்ததும் போனது. பதினோரு எச்சரிக்கைகள்! படுக்க வைக்கக் கூடாது, நிறுத்தித்தான் வைக்க வேண்டும். வெயில் பட்டால் நெளிந்துவிடும். கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி சிதறிவிடும். விரல் பதியக் கூடாது. ஸ்பிரிட் ஒரு சொட்டும் ஆகாது, அரக்கு கரைந்துவிடும். கடைசியில், "இந்தத் தட்டு உலகத்தில் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை அத்தான், கவனம்" என்று அடிக்கோடு வேறு. முப்பத்திரண்டு வருஷம் கொதிகலன் சோதித்துப் பிழைத்தவன் நான். எந்தப் பொருளைப் பார்த்தாலும் இது எப்போது வெடிக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். ஆனால் கொதிகலனுக்கு ஒரு நேர்மை உண்டு. அழுத்தம் ஏறினால் முள் காட்டும், விசிலடிக்கும். உன் தட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் உடையக்கூடிய ஜாதி.

இதில் இருப்பது என்ன என்று தெரியாமலிருந்தால்கூடக் கொஞ்சம் தூங்கியிருப்பேன். தெரியுமே! உங்கள் அப்பா நாடகக் கம்பெனியில் தச்சர். நாடகத்தைத் தட்டில் பதிவு செய்த அன்று, வாயிற்காவலனாக நடிக்க வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, மேடைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த உங்கள் அப்பாவைப் பிடித்து நிறுத்தி மூன்று வாக்கியம் பேச வைத்தார்கள். அவர் போனபோது உன் அக்காவுக்கு மூன்று வயது. நீ அம்மா வயிற்றில். அந்த மூன்று வாக்கியத்தைத் தவிர அவர் குரல் உலகத்தில் எங்கும் இல்லை. அதைத் தேடித்தேடிக் கண்டுபிடித்த நீ, நீ கேட்காமல், "முதல்ல அக்கா கேக்கட்டும்" என்று அனுப்பிவிட்டாய். உன் மனசு பெரிய மனசு. அதைச் சுமப்பதற்கு என் நெஞ்சு போதவில்லை, அவ்வளவுதான்.

தட்டை என் கட்டிலில் இரண்டு தலையணைகளுக்கு நடுவே நிறுத்திவிட்டு நான் கூடத்தில் பாய் போட்டுக்கொண்டேன். உன் எச்சரிக்கைகளைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஜன்னலை மூடினேன். உன் அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நம்ம பொண்ணு பொறந்தப்போகூட நீங்க இவ்வளவு பண்ணலையே" என்றாள். "அது கீழ விழுந்தா அழும், தெரிஞ்சுபோயிடும். இது அழாதுடி" என்றேன்.

மறுநாள் பூதக்கண்ணாடி வைத்து விளிம்பை ஆராய்ந்தேன். ஒரு விரல் நீளத்துக்கு விரிசல்! வெள்ளையாக, மெல்லிசாக, விளிம்பிலிருந்து உள்ளே ஓடியிருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உனக்கு எப்படிச் சொல்வது, அவளுக்கு எப்படிச் சொல்வது என்று மூன்று விதமாக மனசுக்குள் எழுதிப் பார்த்தேன். மூன்றும் என் மரணச் செய்தி மாதிரியே இருந்தன. காபி கொண்டுவந்தவள், "ஏங்க இப்படி வேர்த்திருக்கு?" என்று குனிந்து பார்த்து, விரிசலை இரண்டு விரலால் எடுத்து ஊதிவிட்டாள். அவள் தலைமுடி.

சரி, தூசி இருக்கிறதே, துடைத்தாக வேண்டுமே என்று கீழ்வீட்டுப் பல் டாக்டரிடம் போனேன். கருவி கழுவுவதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் வைத்திருப்பார். அதில் ஒரு துளி சோப்பு விட்டு, நடுவில் இருக்கும் காகிதம் நனையாமல், வரிப் பள்ளத்தின் போக்கிலேயே துடைக்கலாம் என்று நீயே எழுதியிருந்தாய். நல்ல மனுஷர், தானே தண்ணீரோடு மேலே வந்தார். தட்டைச் சாப்பாட்டு மேசையில் துணி விரித்து வைத்தேன். மூக்குக்கண்ணாடியைத் தேட நான் திரும்பிய ஒரு நொடியில் அவர் சட்டைப்பையிலிருந்து வேறொரு புட்டியை எடுத்து, "தண்ணியெல்லாம் எதுக்கு சார், ஸ்பிரிட்ல ஒரே இழுப்பு, பளிச்சுனு ஆயிடும்" என்று பஞ்சை நனைத்துக்கொண்டிருந்தார். என் வாயிலிருந்து வந்த சத்தம் மனிதச் சத்தமே இல்லையாம், அவர் பிறகு சொன்னார். பாய்ந்து கையைப் பிடித்தேன். புட்டி கவிழ்ந்தது. தட்டுக்குப் போகவிருந்தது மேசையில் போனது. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேசையின் மெருகு பிசுபிசுத்து, வெளுத்து, தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம் உரிந்துவிட்டது. அந்த மெருகும் அரக்குதானே! டாக்டர் வெலவெலத்துப்போய், "ஐயையோ, நீங்க புடிக்கலேன்னா..." என்று நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தரையில் உட்கார்ந்தேன். உன் அக்கா எட்டிப் பார்த்து, "மேசை போச்சா?" என்று மட்டும் கேட்டாள். அது அவள் ஆசையாக வாங்கிய மேசை.

அப்புறம் பாட்டுப்பெட்டி. கடைத்தெருவில் பழைய கருவிகள் பழுது பார்க்கும் ஒருவர் இருக்கிறார், எல்லாரும் ரிப்பேர்காரர் என்றே கூப்பிடுவார்கள். அவரிடம் சாவி கொடுத்து ஓட்டுகிற கிராமபோன் இருந்தது. "ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி. பாட்டு முடிஞ்சா ஊசியத் தூக்கிப் போட்ரணும். தேஞ்ச ஊசி தட்டக் கீறிரும்" என்றார். புது ஊசி போட்டால் தேயாதா என்று கேட்டேன். "தேயாமலா? ஊசி மாட்டுற அந்தக் கையோட கனத்துக்குக் கொஞ்சம் தேயத்தான் செய்யும்" என்று சிரித்தார். உங்கள் அப்பா பேசியதே மூன்று வாக்கியம், அதில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேய்ந்தால் மிச்சம் என்ன இருக்கும்? என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, கை லேசாக இருக்கும் மின்சாரப் பெட்டியைத் தானே எடுத்துவருவதாகச் சொன்னார். நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு சுற்று ஓடும், பழைய தட்டுக்கென்றே தடித்த முள்ளும் இருக்கிறதாம். மெல்லிய முள்ளைப் போட்டால் பள்ளத்தின் அடியைப் பிறாண்டிவிடுமாம். "ஒயர் போட்டு அப்படியே பிரதியும் எடுத்துரலாம் சார்" என்றார். இருக்கிற ஆபத்து போதாதா, மின்சார ஒயர் வேறா? கண்டிப்பாக வேண்டாம் என்றுவிட்டேன்.

இதற்கெல்லாம் நடுவில் உன் அக்கா ஒரு தடவைகூடத் தட்டைத் தொடவில்லை என்பதை நான் வெள்ளிக்கிழமைதான் கவனித்தேன். "நாளைக்குப் போட்டுடலாம்" என்றேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே, "என்ன அவசரம்?" என்றாள். "ஏண்டி, உங்கப்பா குரல்!" என்றேன். மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள். "இவ்வளவு நாளா நானா மனசுல ஒரு குரல் வெச்சிருக்கேங்க. கேட்டப்புறம் அது போயிடும்ல?" என்றாள். மச்சான், வீட்டில் பயந்தாங்கொள்ளி நான் ஒருவன்தான் என்று முப்பத்தெட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து நானும் இரண்டு துணி மடித்தேன். கோணலாகத்தான் வந்தது, அவள் அப்படியே அடுக்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணி. மின்விசிறியை நிறுத்தினேன். மாடிவீட்டில் துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட்ட வேண்டாம் என்று கெஞ்சிவிட்டு வந்தேன். பல் டாக்டர் கைகளைக் காட்டி, "ஒண்ணும் கொண்டு வரல சார்" என்று சொல்லி மூலையில் நின்றார். ரிப்பேர்காரர் தட்டை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஏந்திச் சுழலியில் வைத்தார். முள் இறங்கியது. எண்ணெயில் ஏதோ பொரிகிற மாதிரிச் சத்தம். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. ஒரு ராணி புலம்பினாள், யாரோ ஒருவன் பாடித் தொலைத்தான். பிறகு கதவைத் தட்டும் சத்தம். அப்புறம், கொஞ்சம் தடுமாறி, ஒப்பிக்கிற மாதிரி ஒரு குரல்: "யாரது வாசலில்? கொஞ்சம் பொறுங்கள். இதோ வந்துவிட்டேன்."

அவ்வளவுதான். ராணி மறுபடி புலம்ப ஆரம்பித்துவிட்டாள். உன் அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் ஒன்றும் இல்லை, வெறும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. ஏமாந்துவிட்டாளோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. நீ பேசும்போது பக்குவமாகக் கேள்.

ஆகவே மச்சான், தட்டு முழுசாக, கீறலில்லாமல், பத்திரமாக இருக்கிறது. இனி இதை யாரும் போடக் கூடாது என்பது என் முடிவு. புது உறையில் இட்டு, என் அலமாரியில் நிமிர்த்தி வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டியிருக்கிறேன். காலையும் மாலையும் உறையோடு தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். இந்த வாரம்தான் கட்டிலில் படுத்தேன். உன் குடும்பத்தில் என்னை நம்பி ஒப்படைத்த ஒரே பொருளை நான் காப்பாற்றிவிட்டேன் என்று நினைக்கும்போது நெஞ்சு நிறைகிறது. உனக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள், உன் மனைவிக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள். இனிமேல் உடையக்கூடியது எதையும் அனுப்பாதே.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. தபாலில் போடச் சொல்லி அத்தான் கடிதத்தை என்னிடம் கொடுத்தார். தட்டு உடைந்துவிட்டது. அந்த அலமாரிக்கு இரண்டு சாவி உண்டு என்று அவருக்குத் தெரியாது. திங்கட்கிழமை அவர் ரத்த அழுத்தம் பார்க்கப் போன நேரத்தில் நான் தட்டை ரிப்பேர்காரர் கடைக்கு எடுத்துப்போய் நான்கு தடவை போட்டுக் கேட்டேன். உறையில் போடும்போது என் கையிலிருந்துதான் விழுந்தது. மூன்று துண்டு. இப்போது அவர் காலையும் மாலையும் தொட்டுப் பார்ப்பது, ரிப்பேர்காரர் கொடுத்த ஒரு தலைமுடித் தைல விளம்பரத் தட்டு. சொல்லிவிடாதே, மனுஷர் இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறார்.

நீ பதற வேண்டாம். சனிக்கிழமையே பிரதி எடுத்துவிடச் சொல்லி ரிப்பேர்காரரிடம் நான் தனியாகச் சொல்லியிருந்தேன், ஒயர் அத்தான் கண்ணில் படவேயில்லை. உனக்கு இன்று அனுப்புகிறார். கேட்டால் உனக்கு ஒன்றும் விசேஷமாகத் தெரியாது, ஏனென்றால் அவரவர் குரல் அவரவருக்குத் தெரியாதாம். அது அச்சு அசல் உன் குரல்தான் தம்பி. அந்தத் தடுமாற்றம்கூட. எத்தனையோ வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இந்த வாரமும் கூப்பிடு. நான் எடுத்துவிட்டு உடனே பேசாவிட்டால் வைத்துவிடாதே.