காயட்டும் அண்ணன் தனக்கென்று அடுக்கிய விறகு

விற்பதற்கென்றே கடை திறந்து, விற்க மாட்டேன் என்று கடைசிவரை அடம்பிடித்த ஒரே வியாபாரி எங்கள் ‘காயட்டும்’ அண்ணன்தான்.

ஜெயங்கொண்டம் போகும் சாலையில் அவருடைய விறகுக்கடை இருந்தது. பெரும்பாலும் முந்திரிக்கட்டை. வெட்டி வந்த அன்றே ஈரத்தோடு பிளந்துவிடுவார். கல் மேல் குறுக்கும் நெடுக்குமாக, காற்று நுழைய இடம் விட்டு அடுக்குவார். யார் கேட்டு வந்தாலும் இரண்டு கட்டைகளை எடுத்து அவர்கள் காதருகே தட்டுவார். ‘மொத்’தென்று கேட்டால் ஒரே வார்த்தைதான்: “காயட்டும்.” ஒருமுறை டீக்கடைக்காரர் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிய விறகைப் பின்னாலேயே ஓடி அவிழ்த்து வந்தார்.

என் கல்யாணச் சமையலுக்கு விறகு கேட்டுப் போனேன். எனக்குக் கூச்சத்தில் பேச்சு வராது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் தட்டினார்.

“இன்னும் ஒரு மாசம் ஆவும் தம்பி. கல்யாணத்த தள்ளி வையி.”

“பத்திரிகை குடுத்தாச்சுண்ணே.”

“பத்திரிகை காஞ்சிருக்கும். விறகு காயலியே.”

வேறு இடத்தில் வாங்கினேன். கல்யாணத்தன்று காலையில் அடுப்பில் விறகு நுரை தள்ளியது. பந்திக்கு நேரமாகிறது, உலை கொதிக்கவில்லை. மணமேடை வரை புகை. என் கண்ணில் நீர் வழிந்தபடி இருக்க, மாப்பிள்ளைக்குச் சம்மதமில்லையோ என்று பெண் வீட்டார் குசுகுசுத்தார்கள்.

அப்போது பந்தலுக்கு வந்த அண்ணன், மணமக்களைத் திரும்பியும் பார்க்காமல் நேரே அடுப்படிக்குப் போனார். எரிந்தும் எரியாமலும் இருந்த கட்டைகளை ஒவ்வொன்றாக உருவித் தண்ணீர் ஊற்றினார். சமையல்காரர் கரண்டியோடு அடிக்க வந்தார். அண்ணன் விலகிப் போய், அரைமணியில் மாட்டுவண்டி நிறைய விறகோடு திரும்பினார். ஒவ்வொன்றும் கிண்ணென்று இருந்தது. உலை கொதித்தது. பந்தி குறையில்லாமல் நடந்தது.

தாலி கட்டிய கையோடு போய்க் கேட்டேன், ஏது விறகு என்று.

“எனக்குன்னு வச்சிருந்தது. நாலு வருசம் காஞ்சது.”

“உங்களுக்கா?”

“பின்ன? ஈர விறகுல என்னைய வச்சு ஊரே இருமிக்கிட்டு நிக்கணுமா? யார்ட்டயும் சொல்லிடாத.”

தன்னைச் சுடுவதற்கென்று அவர் வீட்டுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்த விறகில்தான் எங்கள் கல்யாணச் சாப்பாடு வெந்தது. என் மனைவிக்கே இதைப் படித்தால்தான் தெரியும்.

மறுவாரம் நான் ஒரு முந்திரி மரம் வாங்கிப் பிளந்து, அவர் அடுக்குவது போலவே அடுக்கினேன். எதற்கு என்று மனைவி கேட்டாள். சும்மா என்றேன். ஏழு வருடம் அதில் யாரையும் கை வைக்க விடவில்லை.

அவர் போனது ஐப்பசி அடைமழையில். கடையில் இருந்ததெல்லாம் ஈரம். என் அடுக்கை வண்டியில் ஏற்றி, தார்ப்பாய் மூடிக் கொண்டுபோனேன். தீ வைப்பதற்கு முன், எல்லோரும் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தையும் விட்டு, இரண்டு கட்டைகளை எடுத்து அவர் காதருகே தட்டினேன். கிண்ணென்றது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. காயட்டும் என்று சொல்லியிருந்தால் இன்னும் ஒரு மாதம் காத்திருந்திருப்பேன்.