நகராத சைக்கிளில் நான் போன தூரம்

இந்த வருஷம் உடம்பைக் குறைத்தே தீருவது என்று நான் முடிவெடுத்த இடம், ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனி கேன்டீன். எதிரில் பிரியாணி இருந்தது. அதனால் முடிவைச் சாப்பாட்டுக்குப் பிறகு அமலுக்குக் கொண்டுவந்தேன்.

காரணம் இருந்தது. அன்று காலை கம்பெனியில் மெடிக்கல் கேம்ப். டாக்டரம்மா என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "சுகர் கோட்டு மேல நிக்குது சார். தாண்டிட்டா மாத்திரதான். தெனமும் அரை மணி நேரம் வேர்க்கணும்" என்றார். நான் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறவன். தையல் கோணினால் ரிஜெக்ட் என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறவன். என் நெற்றியிலேயே யாரோ ஒன்றை ஒட்டிவிட்ட மாதிரி இருந்தது.

சாயங்காலம் சத்துவாச்சாரி வீட்டுக்கு வந்ததும் ரிப்போர்ட்டை என் மனைவி செண்பகத்திடம் கொடுத்தேன். அவள் குடியாத்தத்தில் கணக்கு டீச்சர். எதையும் இரண்டு தடவை படிப்பாள். படித்தாள். முகம் வாடியது. அந்த வாட்டம் மாறுவதற்குள் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது.

"ஒரு சைக்கிள் வாங்கலாம்னு இருக்கேன்."

"தாராளமா வாங்குங்க."

"ரோட்ல ஓட்றது இல்ல. வீட்டுக்குள்ளயே ஓட்றது. நெட் கனெக்ஷனோட."

போனில் படத்தைக் காட்டினேன். விரலால் பெரிசாக்கிப் பார்த்தாள்.

"சக்கரமே காணோமே?"

"உள்ள இருக்கு."

"எங்க போவும்?"

"எங்கயும் போவாது."

"எங்கயும் போவாத சைக்கிளுக்கு ஒரு லட்சமா? ஊரெல்லாம் போற சைக்கிளே கம்மிதானே?"

"முன்னாடி டிவி மாதிரி இருக்கு பாரு. அதுல ஒரு மாஸ்டர் வருவான். 'மிதி, மிதி, இன்னும் வேகமா, விடாதே'ன்னு கத்துவான்."

"அவன் கத்தறது ஓசியா?"

"அதுக்கு மாசாமாசம் சந்தா."

செண்பகம் போனைக் கீழே வைத்தாள். "ஏங்க, பதினெட்டு வருஷமா நான் சந்தாவே வாங்காம கத்தறேன். ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

இதற்குப் பதில் சொல்லக்கூடாது என்கிற அளவுக்கு அனுபவம் எனக்கு உண்டு. பேச்சை மாற்றினேன். ரோட்டில் லாரி, தூசி, நாய், பள்ளம் என்று பட்டியல் போட்டேன். இந்த சைக்கிளில் நாடு முழுக்க யார் யார் எவ்வளவு மிதித்தார்கள், நாம் எத்தனையாவது இடம் என்பதெல்லாம் தெரியும் என்றேன். முட்டிக்கும் நல்லது என்றேன். நாம் மிதித்த கணக்கு அப்படியே போனுக்கு வரும் என்றேன். கணக்கு என்றதும் டீச்சர் நிமிர்ந்தாள்.

"என் போனுக்கும் வருமா?"

"வரும்."

"அப்ப வாங்குங்க."

இவ்வளவு சுலபமாக ஜெயித்தால் சந்தேகப்பட வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன்.

சைக்கிள் வந்தது. ஹாலில் சோபாவை நகர்த்திவிட்டு நடுவில் நிறுத்தினோம். முதல் நாள் எட்டு கிலோமீட்டர் மிதித்தேன். இரண்டாம் நாள் ஆறு. மூன்றாம் நாள் மூன்று. நான்காம் நாள் உட்காரவே முடியவில்லை. அந்த சீட்டை வடிவமைத்தவனுக்கு மனிதர்களின் பின்பக்கத்தைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கம்பெனியில் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

ஐந்தாம் நாள் காலை ஏழு மணி. செண்பகம் குடியாத்தம் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். எனக்குக் கம்பெனி பஸ் ஏழே முக்காலுக்கு. சைக்கிளை நானும் என்னை அதுவும் முறைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு இஷ்தியாக் அகமது உள்ளே வந்தார். பஜாரில் ஷூ லேஸ், பக்கிள் எல்லாம் விற்கிற கடை வைத்திருக்கிறார். பத்தரைக்குத்தான் திறப்பார். என்னைவிட நாலு வயசு பெரியவர், பத்து கிலோ கூடுதல். அவருக்குப் பிரஷர். டாக்டர் சொல்லியும் அசையாத மனுஷன்.

"இன்னா கேசவா, இதான் அந்த மிஷினா? ஒரு ரவுண்டு ஏறிப் பாக்கட்டா?"

ஏறினார். திரையில் மாஸ்டர் கத்த ஆரம்பித்தான். பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. "யார்றா இவன், என்னைப் போயி மெதுவான்றான்?" என்று மிதித்தார் பாருங்கள், பத்து கிலோமீட்டர். நான் அதற்குள் நாலு இட்லி முடித்திருந்தேன். அப்போது என் போன் மணியடித்தது. 'சபாஷ் ஆதிகேசவன்! பத்து கிலோமீட்டர்!' அடுத்த நிமிஷம் செண்பகத்திடமிருந்து பஸ்ஸிலிருந்தே ஒரு கைதட்டல் படம்.

என் மூளையில் விளக்கு எரிந்தது.

"பாய், தெனமும் வர்றீங்களா?"

"உனக்கு பேஜார் இல்லையே?"

"எனக்கு இன்னா பேஜார்? நீங்க மிதிங்க. என் பேர்ல ஏறட்டும். செண்பகத்துக்கு மட்டும் தெரியக்கூடாது."

"தோஸ்துக்காக இது கூடவா செய்ய மாட்டேன்?" என்றார். "என் வூட்லயும் சொல்லாத. சொன்னா, எனக்கும் ஒண்ணு வாங்குன்னு ஜஹீருன்னிசா உயிரெடுப்பா."

அன்று முதல் பாய் வேர்த்தார், நான் இட்லி சாப்பிட்டேன். ஒரு வீட்டில் வேலையை இதைவிட நியாயமாகப் பிரித்துக்கொள்ள முடியாது.

ஒரு விஷயம் மட்டும் விளங்கவில்லை. பாய் ஞாயிறு தவிர தினமும் பத்துதான் மிதித்தார். சபாஷும் ஒரு நாளுக்கு ஒரு தடவைதான் வந்தது. வார மொத்தத்தைப் பார்த்தால் நூற்று இருபது காட்டியது. ஒரு நாளில் எத்தனை தடவை ஓடியது என்று உள்ளே போய்ப் பார்க்கலாம். கம்பெனியில் அதுதான் என் வேலை. வீட்டில் வந்து எவன் செய்வான்? காய்கறிக்காரர் கொசுறாகக் கறிவேப்பிலை போடுகிற மாதிரி மிஷினும் கொசுறு போடுகிறது, நல்ல மிஷின் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதத்தில் வேலூர் அளவில் ஆதிகேசவன் ஆறாவது இடம். பேன்ட் மட்டும் இடுப்பில் ஏற மறுத்தது.

"ஏங்க, இவ்ளோ மிதிச்சும் தொப்பை அப்படியே இருக்கே?" என்று செண்பகம் அப்பாவியாகக் கேட்டாள்.

"அது மசில்" என்றேன்.

"தொளதொளன்னு இருக்கே?"

"புது மசில்."

"ஓ" என்றாள். அதன் பிறகுதான் வினை வந்தது. ஒரு புதன்கிழமை சாயங்காலம் டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்.

"நம்ம குடியிருப்போர் சங்கத்துல ஞாயித்துக்கிழம சைக்கிள் ஊர்வலமாம். காலைல ஆறு மணிக்கு இங்க கெளம்பி விரிஞ்சிபுரம் கோயில் வரைக்கும். உங்க பேரக் குடுத்துட்டேன்."

டீ சுட்டது. "எனக்கு முட்டி வலி."

"முட்டிக்கு சைக்கிள்தான் நல்லதுன்னு நீங்கதானே சொல்லி வாங்குனீங்க?"

"ரோட்டு சைக்கிள் வேற, வீட்டு சைக்கிள் வேற."

"ரோட்டு சைக்கிள் நகரும். அதனால சுலபம்."

"எதுக்குக் குடுத்தே? யாரக் கேட்டுக் குடுத்தே?"

"வேலூர்லயே ஆறாவது இடம்னு சங்கத் தலைவர்கிட்ட பெருமையா சொன்னேன். அப்ப முன்னாடி கொடி புடிச்சிக்கினு அவரே போகட்டும்னுட்டாரு. உங்க பேரு போட்டு நோட்டீஸே அடிச்சாச்சி."

சனிக்கிழமை மத்தியானம் பாய் கடைக்கு ஓடினேன். "பாய், நாளைக்கும் நீங்களே என் பேர்ல ஓட்டிடுங்க. ஹெல்மெட் போட்டா யாருக்குத் தெரியும்?"

"இந்தத் தாடிய எங்கப்பா வெக்கிறது?"

"கொஞ்சம் கம்மி பண்ணக்கூடாதா?"

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பக்கிள் டப்பாவை அடுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "அதில்லாம, நானே பேரு குடுத்திருக்கேன் கேசவா. பிரஷர் நல்லா கொறஞ்சிடுச்சி. ஜாலியா இருக்கு." சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கோபப்படக்கூட முடியவில்லை.

வேறு வழியில்லை. வீட்டுக்கு வந்து, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த செண்பகத்தின் முன்னால் உட்கார்ந்தேன்.

"செண்பகம், ஒரு உண்மை சொல்லணும். நான் மிதிக்கல. மிதிச்சது பாய்."

"தெரியும்" என்றாள், சிவப்புப் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே.

"எப்பிடி?"

"மொத வாரமே சீட்டு, ஹேண்டில்பார் எல்லாம் அத்தர் வாசன. நீங்க என்னிக்குங்க அத்தர் போட்டீங்க?"

"அப்பவே கேக்க வேண்டியதுதானே?"

"கேக்கலாம்னுதான் ஜஹீருன்னிசா அக்காகிட்ட போனேன். அவங்க கையப் புடிச்சிக்கினு அழுதுட்டாங்க. டாக்டர் சொல்லி, புள்ளைங்க சொல்லி கேக்காத மனுஷன், திருட்டுத்தனமா செய்யறோம்னு நெனச்சி தெனமும் மிதிக்கிறாரு. தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதன்னு கெஞ்சுனாங்க. சரின்னு விட்டுட்டேன்."

எனக்கு ஒரு கடைசி பிடி இருந்தது. "சரி, பாய் வாரத்துக்கு அறுபதுதான். மீதி அறுபது? மிஷின் தப்பு பண்ணுதில்ல? அந்த கம்பெனிமேல கேஸ் போடலாம்."

"மிஷின் தப்பே பண்ணல. ஸ்கூல் விட்டு அஞ்சேகாலுக்கு வர்றேன். நீங்க வர ஏழரை ஆகுது. அந்த நேரத்துல நான் ஓட்றேன்."

நான் சைக்கிளை ஓட்டுவதாக ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். மூன்று மாதமாக அவள் என்னை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் கொடுத்த சைக்கிளில் கொடியோடு கிளம்பினேன். கோணவட்டம் வரை மானத்தோடு போனேன். அதற்கப்புறம் கொடி எனக்குத் துணையாக இருந்தது, ஊன்றிக்கொள்ள. பாய் மணியடித்துக்கொண்டு தாண்டினார். பின்னாலேயே சுடிதாரில் செண்பகம், யாரோ ஒரு பெண்ணின் சைக்கிளில். தாண்டும்போது வேகத்தைக் குறைத்தாள்.

"தண்ணி குடிங்க. மூச்சு வாங்குனா நிறுத்திடுங்க. ஷோ காட்டாதீங்க."

அவள் குரலில் கிண்டல் இல்லை. அதுதான் என்னைக் குத்தியது. பொய்கைக்கு வந்ததும் இறங்கிவிட்டேன். ஊர்ப் பெயரைப் பார்த்தேன். மூன்று மாதமாகச் சொன்ன பொய் என் கையைப் பிடித்து அங்கேதான் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. சங்கத்து வேனில் சைக்கிளோடு ஏறி விரிஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தபோது பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தது. வேலூரிலேயே ஆறாவது இடம் பிடித்தவருக்குச் சிறப்புப் பரிசு என்று சொல்லி, மைக்கில் "ஆதிகேசவன்!" என்று கூப்பிட்டார்கள். நான் எழுந்திருப்பதற்குள் செண்பகம் போய் வாங்கிக்கொண்டாள். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். சத்தமாகத்தான் தட்டினேன்.

திரும்பி வரும்போது வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கு இந்த ஷீல்டு எதுக்குங்க? உங்க சுகர் எறங்குனா போதும்" என்றாள். பரிசை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு லட்சம் போட்டு வாங்கியது சரியா தப்பா என்று யார் கேட்டாலும், ஏறி உட்காருகிறவனைப் பொறுத்தது என்று சொல்லலாம். நாளையிலிருந்து நானே உட்காருவேன். ஒரு நாள் விடாமல் மிதிப்பேன். இது சத்தியம்.

திங்கட்கிழமை விடியற்காலை அஞ்சரை மணிக்கே எழுந்தேன். ஷூ போட்டேன். லேஸ் கட்டினேன். மார்பை நிமிர்த்திக்கொண்டு ஹாலுக்குப் போனேன். சைக்கிள் மேல் யாரோ இருந்தார்கள். துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு ஜஹீருன்னிசா அக்கா மிதித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி, இன்னும் பத்து நிமிஷம்தான்" என்றார்.

பாத்திரம் தேய்க்க வரும் எல்லம்மா சோபாவில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். "அடுத்தது நான் சார்" என்றாள்.

"செண்பகம்! இன்னா இது?"

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "நேத்து கோயில்ல எல்லாரும் கேட்டாங்க. மிஷின் சும்மாதானே நிக்குதுன்னு வரச் சொல்லிட்டேன். டைம்டேபிள் செவுத்துல ஒட்டியிருக்கேன், பாருங்க."

பார்த்தேன். டீச்சர் கையெழுத்து. கோடு போட்டு, கட்டம் கட்டி, காலை அஞ்சரையிலிருந்து ஏழே முக்கால் வரை, சாயங்காலம் அஞ்சேகாலிலிருந்து ராத்திரி எட்டரை வரை, ஒரு கட்டம் காலி இல்லை. என் பெயரைத் தேடினேன். மேலே இல்லை. நடுவில் இல்லை. சங்கத் தலைவர் பெயருக்கும் கீழே, கடைசி வரியில் இருந்தது.

'ஆதிகேசவன் – வெயிட்டிங் லிஸ்ட், நாலு.'