எலுமிச்சம்பழத்துக்கு நின்ற பஸ்

கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலை ஏறும் ரோட்டில், ஸ்லோ மாமாவிடம் திட்டு வாங்காத டிரைவர் ஒருவர்கூடக் கிடையாது. ரோடு வேலை நடக்கும் இடத்தில் சிவப்புக் கொடி காட்டுவது அவர் உத்தியோகம். "ஸ்லோ! ஸ்லோ!" என்று கத்திக் கத்தி அதுவே பெயராகிவிட்டது.

அந்த வேலைக்குச் சூப்பர்வைசர் நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள். டிப்ளமோ முடிக்காமல் நிற்கவில்லை. ஜல்லி சுமந்த பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி. வேலை நடந்ததோ ஒரு கொண்டை ஊசி வளைவில். மேலிருந்து இறங்கும் வண்டிகள் நான் வைத்த பலகையையும் மதிக்கவில்லை, மாமாவின் கொடியையும் மதிக்கவில்லை. ஒருநாள் ஒரு லாரி அம்மா கையிலிருந்த கூடையைத் தட்டிவிட்டுப் போனது. கூடை பள்ளத்தில். அம்மா நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

மாமா கொடியை வீசி எறிந்தார்.

"இவனுங்க போலீசுக்கே பயப்பட மாட்டானுங்க பாப்பா. எதுக்குப் பயப்படுவானுங்கன்னு எனக்குத் தெரியும்."

மறுநாள் வளைவுக்கு மேலே, ரோட்டில் குங்குமம் தடவிய இரண்டு எலுமிச்சம்பழங்கள். யாரோ திருஷ்டி கழித்துப் போட்டது போலவே இருந்தது. முதலில் வந்த லாரி பழத்தை மிதிக்கப் பயந்து ஒதுங்கியது. ஒதுங்கியது எங்கள் பக்கம். பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள்.

"இன்னாண்ணே, வண்டிய நிறுத்தச் சொன்னா எங்க மேல ஏத்தி வுடற?" என்றாள் அம்மா.

"பழம் கம்மியாப் போட்டுட்டேன் தங்கச்சி."

இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பழங்களை அடுக்கினார். நடுவில் ஒரு பூசணிக்காய்.

அடுத்து வந்த பஸ் நின்றது. நின்றது என்றால், நின்றேவிட்டது.

"எடுங்க வண்டிய, நேரமாவுது!" என்று கண்டக்டர் கத்தினார்.

"நீ எறங்கித் தாண்டுய்யா மொதல்ல. எனக்குப் புள்ளகுட்டி கீது" என்றார் டிரைவர்.

பின்னால் லாரி, டிராக்டர், கரும்பு வண்டி என்று வரிசை நீண்டது. பெண்கள் நிம்மதியாக ஜல்லி பரப்பி முடித்தார்கள்.

"போதும், எடுங்க மாமா" என்றேன்.

அவர் பின்வாங்கினார். "நானா? கழிச்சதக் கையால தொடக்கூடாது பாப்பா."

"நீங்கதானே கடையில வாங்கியாந்து வெச்சீங்க!"

"யாரு வெச்சா இன்னா? வெச்சது வெச்சதுதான்."

கடைசியில் நானே பொறுக்கினேன். தூரத்தில் நின்றுகொண்டு எனக்கும் கத்தினார்: "ஸ்லோ, பாப்பா, ஸ்லோ!"

அதன்பிறகு மாமா ஒரு கையில் கொடி, மறு கையில் பழத்தோடு நின்றார். டிரைவர்கள் பழத்தைப் பார்த்து பிரேக் போட்டார்கள். ரோடு முடியும்வரை அம்மா தினமும் முழுசாக வீடு வந்து சேர்ந்தாள்.

இப்போதும் எங்கே ரோடு வேலைப் பலகையைக் கண்டாலும் என் ஸ்கூட்டி மெதுவாகிவிடும். கையில் பழத்தோடு யாராவது நிற்கிறாரா என்று பார்ப்பேன்.